சொன்னவருக்கே பொறுப்பு

அவர் பள்ளிக்கூடத்துக்கு சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு வருவார். முனையில் இரும்புத் தகடு வைத்த, கனமான கறுப்பு ஷூ. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு, எங்கள் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு நிர்வாக அலுவலராக வந்தவர். கம்பெனியை விட்டாரே தவிர ஷூவை விடவில்லை. எங்கள் பள்ளியில் காலில் விழுந்து நசுக்கக்கூடிய பொருள் என்று பார்த்தால் சாக்பீஸ் டப்பாதான். ஆனாலும் அந்த ஷூ தினமும் வந்தது.

வந்த மாதமே வராந்தா நெடுக மஞ்சள் கோடு போடவைத்தார். தொழிற்சாலைக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓடும். அதில் அடிபடாமல் இருக்க ஆட்கள் கோட்டுக்குள் நடக்க வேண்டும். எங்கள் வராந்தாவில் ஓடியதெல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகள். அவர்களுக்காக நாங்கள் மூன்று வருஷம் கோட்டுக்குள் வரிசையாக நடந்தோம்.

பெற்றோருக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியின் உற்பத்தி லைனில் நிற்பவர்கள். ஷிஃப்ட், ஓ.டி., டார்கெட் என்று தாங்கள் நாள் முழுக்கக் கேட்கிற பேச்சை, டை கட்டிய ஒருவர் பள்ளிக்கூடத்தில் சிரித்த முகத்தோடு பேசினால் பிடிக்காமல் என்ன செய்யும்? என் அப்பா பென்னலூரில் இருந்த கொஞ்சம் நிலத்தையும் தொழிற்பேட்டைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு வந்து, "அந்த சார் ரொம்ப டீசன்டு, என்னையே உக்காருங்கன்னு சொன்னாரு" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. போன மாதம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படம் வந்தது. யாரோ சால்வை போர்த்துகிறார்கள், அவர் சற்றே குனிந்து வாங்கிக்கொள்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடு. "எங்களுக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்தவர்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பெயரைப் பார்த்தேன், ஷர்மிளா. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது.

ஷர்மிளா ஏன் அப்படி எழுதக்கூடாது என்று சொல்ல வேண்டுமானால் மாணவர் மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவருடைய யோசனை. பள்ளிக்கூடத்தை நடத்துவதில் மாணவர்களுக்கும் ஒரு வாய் வேண்டும் என்றார். வாயளவில் மட்டும் சொல்லவில்லை, தேர்தலே வைத்தார். கம்ப்யூட்டர் லேபில் திரை கட்டி, வரிசையில் நிற்கவைத்து, விரலில் மார்க்கரால் புள்ளி வைத்து நிஜமான தேர்தல். ஒரு தில்லுமுல்லும் கிடையாது. வகுப்புக்கு ஒருவர், வேன் ரூட்டுக்கு ஒருவர் என்று உறுப்பினர்கள். முதல் கூட்டத்தில் அவர் தன் நாற்காலியை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தூக்கிவந்து எங்களோடு போட்டு உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரு சமோசா. எங்களை 'உறுப்பினர்களே' என்று கூப்பிட்டார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பயப்படாம சொல்லுங்க. என்ன குறை இருந்தாலும் சொல்லலாம். இது உங்க ஸ்கூல்" என்றார்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஷர்மிளா எழுந்து, பெண்கள் கழிப்பறையில் கடைசிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றாள்.

அவர் கை தட்டினார். எங்களையும் தட்டச் சொன்னார். "சூப்பர் பாயிண்ட். யார் கண்ணுக்கும் தெரியாதது இவ கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப இதுக்குப் பொறுப்பா இருக்க தகுதியான ஆள் யாரு?"

நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஷர்மிளா" என்றோம். அதுதான் அவருடைய வித்தை. பெயரை அவர் சொல்ல மாட்டார், நம்மைச் சொல்லவைப்பார்.

போர்டில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் 'பணி' என்றும் மற்றதில் 'பொறுப்பு' என்றும் எழுதினார். கழிப்பறைக் கதவு: ஷர்மிளா. தாழ்ப்பாள் வரும்வரை இடைவேளையில் ஷர்மிளா போய் அந்தக் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. தாழ்ப்பாள் அரையாண்டுத் தேர்வு வரைக்கும் வரவில்லை. ஷர்மிளா பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகிற பெண்கள் "ஏய் தாழ்ப்பாள், இறுக்கிப் புடி" என்பார்கள். அவள் இடைவேளைக்கு எங்கே போனாள் என்று நான் அப்போது யோசித்துப் பார்த்ததே இல்லை. பிறகு அவள்தான் சொன்னாள், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவாளாம்.

மின்விசிறி ஓடவில்லை என்றவன், காற்று வராத பெஞ்சுக்காரர்களை வாரம் ஒருமுறை இடம் மாற்றுகிற பொறுப்பை வாங்கிக்கொண்டான். குடிதண்ணீரில் பாசி என்றவள் டிரம் கழுவினாள். நான்காவது கூட்டத்துக்குள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அது தன் தலையில்தான் வந்து விடியும். அதன்பிறகு கூட்டங்களில் சமோசா தின்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் எங்களைச் சுற்றிலும் பார்த்துப் பூரித்துப்போய், "ஆறு மாசத்துல குறையே இல்லாத ஸ்கூல் ஆயிட்டோம், பாத்தீங்களா?" என்றார். நாங்கள் அவருக்கு 'பொறுப்பு சார்' என்று பெயர் வைத்தோம். அது தெரிந்ததும் அவர் சந்தோஷப்பட்டார்.

அவர் யாரையும் திட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. பள்ளியில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் பெயரும், அப்பா எந்தக் கம்பெனி என்பதும் அவருக்குத் தெரியும். "நாடகம் போட்டாரா, இல்லை, நிஜமாகவே நம்பினாரா?" என்று என் கணவர் கேட்டார். நம்பினார். பொறுப்பு கொடுத்தால் பிள்ளைகள் வளரும் என்று மனசார நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் செய்திருந்தால், நானும் ஒரு நாள் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

நான் மன்றத்தின் செயலாளர். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் தேர்தல் இல்லாமலே என்னை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் பேசுவதை நான் ஒரு ரஃப் நோட்டில் எழுத வேண்டும். முடிந்ததும் அவர் அதைப் பார்த்து வேண்டாததை அடிப்பார். மிச்சத்தைத் தீர்மானப் புத்தகத்தில் அழகாக எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் அடிப்பது எப்போதும் ஒன்றைத்தான். யார் என்ன குறை சொன்னார்கள் என்பதை.

"குறையை எதுக்குமா எழுதறே? முடிவை மட்டும் எழுது. நாளைக்கு யாராவது எடுத்துப் படிச்சா, இந்த ஸ்கூல்ல குறைதான் இருந்துச்சுன்னு நினைப்பாங்க."

அதனால் புத்தகத்தில் தாழ்ப்பாள் இல்லாத கதவே கிடையாது. 'கழிப்பறை ஒழுங்கு. பொறுப்பு: செல்வி ஷர்மிளா' என்று மட்டும் இருக்கும்.

கௌசல்யா வந்தது நான் பிளஸ் ஒன் படிக்கும்போது. கோவில்பட்டிப் பக்கம். அவள் அப்பாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, பிள்ளைப்பாக்கத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்றில் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார்கள். நன்றாகப் படிப்பாள், நர்சிங் போக வேண்டும் என்பாள். கணக்கில் என்னைவிட எப்போதும் இரண்டு மார்க் கூடவே வாங்குவாள். அவள் பேச்சைக் கேட்டு வகுப்பு சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிள்ளைப்பாக்கம் வேனுக்கு உறுப்பினராக யாரும் நிற்கத் தயாராக இல்லாததால், விவரம் தெரியாத அவளை நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறக்காதே என்று நானாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாராவது ஏதாவது பேசினால் எனக்கும் எழுதுவதற்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் கூட்டத்திலேயே எழுந்தாள். "சார், வேன்ல பின்னால ஏறுத படி ஆடிக்கிட்டே கெடக்கு. ஒத்த போல்ட்டுலதாம் நிக்குது. கம்பியப் போட்டுக் கட்டி வச்சிருக்காவ. சின்னப் பிள்ளைய எறங்கும்போ விழுந்துரும் சார்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் கை தட்டினார்.

"சூப்பர் பாயிண்ட். அப்ப வேன் ஒழுங்குக்குப் பொறுப்பு யாரு?"

"பொறுப்புன்னா, நானா சார் போல்ட்டு மாட்டணும்?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். மன்றமே சிரித்தது. அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"போல்ட்டை நாங்க பாத்துக்கறோம்மா. நீ பிள்ளைங்களைப் பாத்துக்கோ."

அன்று ரஃப் நோட்டில் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தேன், ஒத்த போல்ட்டு, கம்பி எல்லாம். அவர் குறுக்கே ஒரு கோடு போட்டார். புத்தகத்தில், 'பிள்ளைப்பாக்கம் வேன் ஒழுங்கு மற்றும் பிள்ளைகள் பாதுகாப்பு. பொறுப்பு: செல்வி கௌசல்யா, பதினொன்றாம் வகுப்பு' என்று முத்து முத்தாக எழுதி, அவளிடமும் ஒரு கையெழுத்து வாங்கினேன்.

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் குதித்து இறங்கி, சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கி இறக்குவாள். அந்தப் படியில் ஒரு பிள்ளையையும் கால் வைக்க விடமாட்டாள். டிரைவர் அண்ணன் கத்துவார். "இன்னாமா நீ, ஒண்ணொண்ணா எறக்கிகினு கீறே. நான் அடுத்த டிரிப்பு எப்போ போறது?" என்பார். "அப்ப படிய மாத்துங்கண்ணே" என்பாள் இவள். "எனுக்கு இன்னா தெரியும், ஆபீஸ்ல சொல்லு" என்பார் அவர். ஆபீஸில் சொல்லியாகிவிட்டது. நான்கு மாதம் இப்படியே ஓடியது.

ஜனவரியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் புது விளம்பரத் தாள் அடிப்பதற்காகப் படம் எடுக்க ஆள் வந்திருந்தார். தலைப்பு, 'மாணவர்களே நடத்தும் பள்ளி.' மாலை மணி அடித்ததும் பொறுப்பு சார் மன்ற உறுப்பினர்கள் எல்லோரையும் மேடைக்கு வரச் சொன்னார். கௌசல்யா, "சார், வேன் கெளம்பிரும்" என்றாள். "அஞ்சு நிமிஷம்மா. உங்களை நானே அனுப்பி வைக்கறேன்" என்றார். ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. அவர் நடுவில், நான் அவருக்கு இடப்பக்கம், கௌசல்யா ஓரத்தில். அந்தப் படத்தில் அவள் மட்டும் கேமராவைப் பார்க்காமல் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று பிள்ளைப்பாக்கத்தில் யு.கே.ஜி. குழந்தை ஒன்று அந்தப் படியில் கால் வைத்து, படி கழன்று, ரோட்டில் விழுந்தது. கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் ஊரே நின்றது. குழந்தையின் அம்மா உள்ளே வந்து மேசையில் கையால் அடித்தாள். "எம் புள்ள கை ஒடிஞ்சி கீது. இதுக்கு யாரு ஜவாப்? இப்ப சொல்லணும் எனுக்கு." அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்தவர்கள். ஓரமாகக் கௌசல்யாவும் அவள் அப்பா அம்மாவும். முதல்வர் மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம்ம சார் மட்டும் எழுந்து, அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "உங்க கோபம் நியாயம்மா" என்றார். பிறகு அலமாரியிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பியது அதற்குத்தான்.

பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "இது உன் எழுத்துதானேமா?"

"ஆமா சார்."

"கீழ இருக்கறது கௌசல்யா கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

அவ்வளவுதான் கேட்டார். ரஃப் நோட்டு என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. ஒத்த போல்ட்டு என்று அவள் சொன்னதும், அதன்மேல் அவர் போட்ட கோடும் அதில் இருந்தன. பையின் ஜிப்பில் கைகூட வைத்துவிட்டேன். எடுத்துக் காட்டினால் அடுத்து அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். சூப்பர் பாயிண்ட், இது தெரிஞ்சும் ஏன் புத்தகத்துல எழுதலை, அப்ப பொறுப்பு யாரு என்பார். கையை எடுத்துவிட்டேன்.

கௌசல்யாதான் பேசினாள். "சார், நேத்து நீங்கதான போட்டோவுக்கு நிக்கச் சொன்னிய?"

"சொன்னேன்மா. இல்லைன்னு சொல்லலை. ஆனா உன் பொறுப்பை யார்கிட்ட ஹேண்ட் ஓவர் பண்ணிட்டு வந்தே?"

அவளுக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. அறையில் இருந்த மற்ற எல்லோருக்கும் புரிந்தது. யூனிஃபார்மில் நின்ற ஒருவர் தலையை ஆட்டினார். இன்னொருவர், "ஆமா, அது பண்ணணும் இல்ல" என்றார். லைனில் நிற்பவன் அடுத்த ஷிஃப்ட்காரனிடம் ஒப்படைக்காமல் இடத்தைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்து ஏதாவது ஆகிவிட்டால் மெமோ அவனுக்குத்தான். இங்கே பிழைக்க வந்த நாளிலிருந்து அவர்களுக்கு இதுதான் பாடம். மெஷின் ஏன் பழுதாக இருந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, அதனால் இங்கேயும் யாரும் கேட்கவில்லை. மேசையில் அடித்த அந்த அம்மாகூட, கையை எடுத்துவிட்டுக் கௌசல்யாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கௌசல்யாவின் அப்பா இரண்டடி முன்னால் வந்தார். மகளுக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க லைன்லயும் அப்படித்தாம் சார். ஹேண்ட் ஓவர் குடுக்காம போவ முடியாது" என்றார். "பிள்ள செஞ்சது தப்புதாம். மன்னிச்சிருங்க."

கௌசல்யா அவரைப் பார்த்தாள்.

கௌசல்யாவுக்கு டி.சி. கொடுத்தோம் என்று பள்ளி இன்றுவரை சொல்லாது. 'அவங்க மனசுக்கே கஷ்டமா இருக்கும், வேற இடத்துல படிக்கட்டும்' என்று அவர் சொல்ல, பெற்றோரே எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வருஷக் கடைசியில் பக்கத்தில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் அம்மா கேட் அருகில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குத் தெரியும்லா தாயி, அவ எத்தன நாள் அந்தப் படியச் சொல்லி பொலம்புனான்னு" என்றார். தெரியும் அத்தை என்றேன். வெளியில் வைத்துச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது.

கௌசல்யா படிப்பை விட்டாள். பதினெட்டு முடிந்ததும் ஒரு கம்பெனி ஹாஸ்டலில் சேர்ந்து லைனில் நின்றாள் என்று கேள்விப்பட்டேன். நானும் இப்போது ஒரகடத்தில்தான், ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும்போது ஜன்னல் ஓரத்து முகங்களை நான் பார்ப்பதில்லை. அவளாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

அவரைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். திட்டியாகிவிட்டது. இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதமே மன்றத் தலைவராக இருந்த பிளஸ் டூ பையன் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று விலகிக்கொண்டான். அந்த இடத்துக்கு அவர் என் பெயரை, வழக்கம்போல, தான் சொல்லாமல் மற்றவர்களைச் சொல்லவைத்தார். போட்டியில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் என்று எழுதிய பட்டையை அவரே என் சட்டையில் குத்திவிட்டார். எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அந்த வாரக் கூட்டத்தில் பிள்ளைப்பாக்கம் வேனுக்கான நாற்காலி காலியாக இருந்தது. அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முதல் மரியாதையாக என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க தலைவரே, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லை சார்" என்றேன்.